வளைவை நிமிர்த்த மறுத்தவருக்கு

ஆற்றியல் ஆய்வுக்கூடத்தின் அணியே! முப்பத்து மூன்று ஆண்டுகள் நீரை அளந்தும் நீரிடம் செருக்குக் கொள்ளாத செம்மையே! எங்கள் மூத்த பொறியாளர் அம்மையீர்! வணங்குகிறோம்.

நூறடிக் கொட்டகையில், சிமெண்டாலும் மணலாலும் நம் ஆற்றைச் சிறு மாதிரியாக்கிப் படுக்க வைத்திருந்தோம். குழாயைத் திறந்தால் வெள்ளம், மூடினால் வறட்சி. கடவுளுக்கே பாடம் எடுக்கலாம் என்ற மிதப்பில் இருந்த காலம் அது! நகருக்கு மேலேயுள்ள பெரிய வளைவை வெட்டி ஆற்றை நேராக்கவும், வளைவின் சதுப்பில் கட்டடம் எழுப்பவும் திட்டம் வந்தது. மாதிரி ஒத்துக்கொண்டது, நாங்களும் ஒத்துக்கொண்டோம்.

நீங்களோ ஒன்பது நாள் அவ்வளைவின் கரையில் அமர்ந்திருந்துவிட்டு, சேறு அப்பிய செருப்போடு கூட்டத்துக்கு வந்தீர்கள். "சார், நம்ம கொட்டகையில தண்ணிதான் ஓடுது, ஆறு ஓடல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அறிவியலைவிட உங்க மனசு பெருசா மேடம்?" என்றார் இயக்குநர்.

"அறிவியல்தான் சார் சொல்லுது, நமக்கு இன்னும் தெரியலன்னு."

சிரித்தோம், அம்மையீர். இம்மடலில் ஒப்பமிட்டவர்களில் எழுவர் வாய்விட்டே சிரித்தோம். 'ஆத்து மேடம்' என்று பட்டப்பெயரும் வைத்தோம். உங்களைக் கோப்பறைக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் பிறந்தன உங்கள் கதைகளும் கட்டுரைகளும்: மண்புழுவிடம் மன்னிப்புக் கேட்கும் வேதியியலாளர் கதை, 'அளப்பது வேறு, ஆள்வது வேறு' என்ற கட்டுரை. அக்கட்டுரையை நாளிதழில் படித்த நகர மன்றம், திட்டத்தை ஓராண்டு தள்ளி வைத்தது.

அவ்வாண்டே வந்தது மழை. எங்கள் எந்தக் கணக்கிலும் இல்லாத மழை! வளைவின் மேட்டில் எல்லோரும் நின்றோம். நகரை நோக்கிச் சீறி வந்த நீர், வளைவில் திரும்பி, சதுப்பெங்கும் விரிந்து, நாணலுக்கிடையே வேகம் தணிந்து, வீடுகளின் வாசற்படியை மட்டும் நனைத்துவிட்டுப் போனது. அடிவானம்வரை தண்ணீர்! வாழ்நாளெல்லாம் ஆற்றைப் படித்த நாங்கள், அன்றுதான் அதைப் பார்த்தோம்.

"மன்னிச்சிருங்க மேடம்" என்றார் இயக்குநர்.

"அப்பவே சொன்னேனே" என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். "எவ்வளவு பெருசு, பாருங்க சார்" என்றீர்கள், கண் கலங்க.

நோயறியா நெடுவாழ்வும் நூல் பல எழுதும் நேரமும் உங்களுக்கு வாய்க்கட்டும்! பணி ஓய்வு உங்களுக்குத்தான், எங்களுக்கு அச்சம். தப்பைத் தப்பென்று முகத்துக்கு நேரே சொல்ல நாளை இங்கே யார் இருக்கிறார்? தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அம்மையீர்!

என்றும் உங்களிடம் கற்கும்,
ஆய்வுக்கூடப் பொறியாளர்கள், மாதிரி வடிப்போர், குழாய் திறப்போர்