நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு சனிக்கிழமை

ஓடுகிறோம். சங்கு ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதுகிறது. எங்கள் ஊரில் சங்கு ஊதினால் கடிகாரத்தைச் சரிபார்ப்போம். இங்கே ஊதினால் ஓட வேண்டும். மல்லிகாவின் கையைப் பிடித்திருக்கிறேன். புடவைமேல் சாரின் பழைய கோட்டைப் போட்டிருக்கிறாள். பொத்தான் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. பூங்காவைத் தாண்ட வேண்டும். சிலையைத் தாண்ட வேண்டும். அதன் பிறகு நிலையத்தின் வாசல். முன்னால் ஸ்தேவான் கிழவர் போகிறார். திரும்பித் திரும்பிக் கத்துகிறார்.

"பொலாகோ! பொலாகோ!"

மெதுவாக என்று அர்த்தம். எல்லோரும் ஓடும்போது அவர் ஒருவர்தான் அப்படிக் கத்தினார்.

1999 மார்ச் 27. பெல்கிரேடு நகரம். குண்டு விழ ஆரம்பித்து நான்காம் நாள். இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. மல்லிகாவுக்கு ஆறாம் மாதம்.

நான் ஆரணிக்காரன். பத்தாவது வரை படித்தேன். கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தேன். மல்லிகா என் மனைவி. கல்யாணத்துக்கு முன் அவள் வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். 1996இல் சென்னைக்காரர் ஒருவர் எங்களைத் தன் வீட்டு வேலைக்கு அந்த நாட்டுக்கு அழைத்துப் போனார். மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை அவருக்கு. நான் சமையல். மல்லிகா வீட்டு வேலை. அவரை நாங்கள் சார் என்போம். அவர் மனைவியை அம்மா என்போம். நல்லவர்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நடந்ததற்கு அவர்கள் காரணம் இல்லை.

ஸ்தேவான் எங்களுக்கு மேல்மாடி. அப்போதே எழுபதை நெருங்கியவர். சுரங்கம் தோண்டும் தொழிலாளியாக இருந்தவர். அந்த நிலையத்தைத் தோண்டியவர்களில் ஒருவர். நான் செய்யும் எலுமிச்சைச் சோறு அவருக்குப் பிடிக்கும். ஒரு தட்டு கொடுத்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். பாதி அவர் பாஷை, பாதி கை. எனக்குப் பேச்சு வராது. கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால்தான் என்னிடம் பேசினார் என்று நினைக்கிறேன்.

அவர் பேசியதெல்லாம் அந்த ஊரின் பாதாள ரயில் பற்றித்தான். ரொட்டி சுற்றி வந்த தாளில் பென்சிலால் கோடு போடுவார். பெரிய யுத்தத்துக்கு முன்பே பாதாள ரயில் வேண்டும் என்று பேசினார்களாம். யுத்தம் வந்தது. பேச்சு நின்றது. பிறகு மறுபடி பேசினார்கள். மறுபடி நின்றது. எழுபதுகளில் பெரிய வரைபடமே போட்டார்கள். எந்தத் தெருவுக்கு அடியில் எந்த நிலையம் என்று பெயரோடு போட்டார்கள். எண்பதுகளில் பணம் இல்லை என்று மடித்து வைத்துவிட்டார்கள். கடைசியில் ரயில்வே தோண்டிய பாதையில் இந்த ஒன்று வந்தது. வூக்கோவ் ஸ்பொமெனிக். 1995இல் திறந்தார்கள். வூக் என்பவரின் சிலை என்று அர்த்தம். அவர்கள் எழுத்தைச் சீர்செய்த மனிதராம். நாற்பது மீட்டர் ஆழம். ஒரு பக்கம் ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து டான்யூப் பாலத்துக்கு ஏறும். இன்னொரு பக்கம் அடுத்த நிலையம் கராஜோர்ஜெவ் பார்க். அதற்கும் அப்பால் கட்டி முடியாமல் கிடந்த ஒரு பெரிய நிலையம். மற்றதெல்லாம் தாளில்தான். அந்த இல்லாத நிலையங்களின் பெயர்களை ஸ்தேவான் வரிசையாகச் சொல்லுவார். தவறாமல் சொல்லுவார்.

ஒரு நாள் மல்லிகா அடுப்படியிலிருந்து கேட்டாள். "இல்லாத ஸ்டேஷனுக்கு டிக்கெட் எவ்ளோனு கேளுங்க. எங்கம்மாவைக் கூட்டிக்கினு வரணும்."

எனக்குத் தெரிந்த அளவுக்கு அவர் பாஷையில் சொன்னேன். கிழவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். அவளுக்கு இலவசம் என்றார்.

மூன்று வருடத்தில் மல்லிகா ஒரு முறைகூட அந்த நிலையத்துக்குள் இறங்கவில்லை. நகரும் படிக்குப் பயம். புடவை நுனி மாட்டிக்கொள்ளும் என்பாள். நான் புதன்கிழமைகளில் ரயிலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் காய் வாங்கி வருவேன். அவள் மேலேயே நிற்பாள்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருடம். பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை. அந்த ஊருக்குப் போனபிறகு, அதுவும் நாங்கள் விட்டுவிட்டபிறகு, தங்கியது.

மார்ச் மூன்றாம் வாரம். யுத்தம் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து சாருக்குக் கிளம்பச் சொல்லித் தகவல் வந்தது. மார்ச் 22, திங்கள், காலை. பெரிய கார். ஹங்கேரி எல்லை வரை. சார், அம்மா, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். பின்னால் இரண்டு இடம் எங்களுக்கு.

எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சியை ஒற்றைப்படை மாதத்தில்தான் பயணம் அழைத்துப் போவார்கள். ஐந்து. ஏழு. ஒன்பது. இரட்டைப்படையில் வாசல் தாண்டி ஊர் போகக் கூடாது. ஆறு ஆகவே ஆகாது. ஏழாம் மாதம் பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது.

கார் கிளம்புவதற்கு முதல் நாள், ஞாயிறு. சார் போனில் ஆரணிக்குப் பேசினோம். மாமியாரை எதிர்வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆறில் வேண்டாம், ஏழு பிறந்ததும் வாருங்கள், வளையல் வாங்கி வைத்துவிட்டேன் என்றார். போனை வைத்துவிட்டு மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் கழிச்சி வந்திருக்குதுங்க. பன்னெண்டு நாள்தானே. இருந்துட்டுப் போலாம்."

சாருக்குக் கோபம். ஜல்தி முடிவு பண்ணுப்பா, இது விளையாட்டு இல்லை என்றார். அம்மா குறுக்கே வந்தார். அம்மா எம்.ஏ. படித்தவர். அவள் சொல்வதும் நியாயம்தான், என் மாமியாரும் இப்படித்தான் சொல்லுவாங்க என்றார். ஏப்ரல் 5, திங்கள், ஹங்கேரி போகும் பஸ்ஸில் எங்களுக்கு இடம் சொல்லி வைத்தார்கள். ஏழு பிறந்து முதல் நல்ல நாள். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நான் எதுவும் சொல்லவில்லை. நான்கு பேர் பேசினால் நான் பேச மாட்டேன். அது என் சுபாவம். கிளம்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மல்லிகா கிளம்பியிருப்பாள். எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கார் போனது. பின்சீட்டில் இரண்டு இடம் காலியாகப் போனது.

புதன்கிழமை இரவு எட்டு மணி சுமாருக்கு முதல் சங்கு. அன்று எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தோம். தூரத்தில் சத்தம். முதலில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். பிறகுதான் காதுக்கு வரும். அரிசி மூட்டையை மாடியிலிருந்து போட்டதுபோல. வியாழன், வெள்ளியும் அங்கேதான். வெள்ளிக்கிழமை மேல் குழாயிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மல்லிகா தலையில் கொட்டியது. சனிக்கிழமை ஸ்தேவான் சொல்லிவிட்டார். இந்த அடித்தளம் பழசு. ஊரிலேயே ஆழமான இடம் எனக்குத் தெரியும். நான் தோண்டியது. சங்கு ஊதினால் அங்கே போவோம்.

போனோம்.

வாசலில் கூட்டம். நகரும் படிகளை நிறுத்திவிட்டார்கள். நடந்துதான் இறங்க வேண்டும். நின்றுபோன அந்தப் படி உயரமான படி. மேலிருந்து பார்த்தால் அடி தெரியாது. மல்லிகா நின்றாள். கோட்டுக்கு அடியில் புடவையைத் தூக்கிச் செருகினாள். கால் வைத்தாள். நான் ஒரு படி கீழே. ஸ்தேவான் இரண்டு படி கீழே. கைப்பிடி ரப்பர் வழுவழுப்பாக இருந்தது. பாதி தூரம் வந்துவிட்டோம். பாதிக்கு மேலேகூட இருக்கும்.

மேலே யாரோ கத்தினார்கள். விமானம் என்று கத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் கையிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

மல்லிகா உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். ஐந்து படி. ஆறாக இருக்கலாம். என்னையும் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

அவளே எழுந்தாள். "ஒண்ணும் இல்லீங்க. நடங்க."

நடந்தோம்.

கீழே ரயில் இல்லை. அகலமான நடைமேடை. பளிங்குத் தரை. ஜனங்கள் போர்வை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கு கேட்கவில்லை. குண்டு கேட்கவில்லை. நாற்பது மீட்டருக்குக் கீழே எதுவும் கேட்காது. குழாய் விளக்கு மட்டும் எப்போதாவது துடிக்கும். அப்போது எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். ஸ்தேவான் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். பயப்படாதே என்றார். தன் வீட்டைக் காட்டுபவர்போல இருந்தது அவர் முகம்.

8:50. சுவரில் பெரிய கடிகாரம். மல்லிகா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இடுப்புல புடிக்குது."

சீட்டுக் கொடுக்கும் பெண் தன் அறையைத் திறந்துவிட்டாள். கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள். முடிந்தபோது வருகிறோம் என்றார்களாம். ஸ்தேவான் மேலே ஏறினார். நின்ற படியில், அந்த வயதில். வாசலில் நின்று வண்டியை நிறுத்தி அழைத்து வருவதற்காக. எனக்குக் கையில் டார்ச் கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு நின்றேன். மல்லிகா கத்தவில்லை. வெளியே நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வெட்கம் அவளுக்கு. புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

9:35. பெண் குழந்தை.

என் ஒரு கைக்குள் அடங்கியது. நகம் இருந்தது. புருவம் இருந்தது. கதவுக் கீல் திறப்பதுபோல ஒரு சத்தம் போட்டது. ஒரே முறை. நர்ஸ் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சுற்றினாள். என் சட்டைக்குள் நெஞ்சோடு வைக்கச் சொன்னாள். சூடு வேண்டும் என்று சைகை காட்டினாள். வைத்துக்கொண்டேன். மூச்சு தெரிந்தது. பிறகு விட்டு விட்டுத் தெரிந்தது.

மல்லிகா கேட்டாள். "யார் மாதிரி இருக்குது?"

உன்னை மாதிரி என்றேன். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

9:58. நர்ஸ் என் சட்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். என் தோளில் கை வைத்தாள். மல்லிகா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை.

வண்டி ஒன்றரை மணிக்கு வந்தது. ஸ்டிரெச்சரில் மல்லிகாவைப் படி வழியாகத் தூக்கிப் போனார்கள். வழியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் பின்னால் ஏறினேன். சட்டைக்குள் குழந்தை. மேலே வந்ததும் சத்தம் திரும்பி வந்தது. எங்கோ நெருப்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் எழுதினார்கள். பெயர் கேட்டார்கள். இல்லை என்றேன். அப்பா பெயர் என்று என் பெயரை எழுதினார்கள். பிறந்த இடம் என்ற கட்டத்தில் நிலையத்தின் பெயரை எழுதினார்கள். எழுதிய பெண் ஒரு நிமிடம் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்விட்டுத்தான் வந்தாள்.

திங்கட்கிழமை அடக்கம். எங்கள் பக்கத்திலும் குழந்தையைப் புதைப்பதுதான். கல்லறைத் தோட்டத்து ஆட்களை ஸ்தேவான் தோண்ட விடவில்லை. மண்வெட்டியை வாங்கித் தானே தோண்டினார். அளவாக, ஓரம் சரியாமல் தோண்டினார். முடித்துவிட்டு மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்தார். மல்லிகா ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். மரம் இருக்கிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 5. பஸ். சொல்லி வைத்திருந்த அதே இடம், அதே நாள். ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. நல்ல நாளில் பயணம் செய்தோம். எல்லை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் அவள் திரும்பவில்லை.

ஆரணியில் மாமியார் பஸ் நிலையத்துக்கே வந்திருந்தார். மல்லிகாவின் வயிற்றைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போன்ல நான்தானே வேணாம்னு சொன்னேன். நான்தானே சொன்னேன்."

நான்தான் சொல்லாமல் இருந்தேன் என்று நானும் சொன்னேன். மல்லிகா இரண்டு பேரையும் நிறுத்தினாள்.

"யாரும் அதைப் பேசிக்கினு இருக்க வேணாம். வூட்டுக்குப் போலாம்."

அதன் பிறகு பேசவில்லை. அடுத்த மாதமே கார்கில் சண்டை வந்தது. டீக்கடையில் எல்லோரும் யுத்தம் பற்றிப் பேசினார்கள். போடு, இன்னும் போடு என்றார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

பத்து வருடம் ஆகிறது. போன மாதம் சென்னை போனேன். அங்கே மெட்ரோ வேலை தொடங்கியிருக்கிறது. தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். தடுப்பில் நிலையங்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். நின்று படித்தேன். எல்லாம் கட்டி முடியட்டும். ஜனங்கள் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போக மட்டும் அதில் இறங்கட்டும். வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் சொன்னேன். எழுதி வையுங்க என்றாள். அதனால் எழுதுகிறேன்.

எங்களிடமிருந்து போனவை இவை.

மகள், ஒன்று. இருந்தது இருபத்து மூன்று நிமிடம். பெயர் வைக்கவில்லை. அவளுக்குப் பிறகு பிள்ளை இல்லை.

ஸ்தேவான். அந்த ஊர் யுத்தம் ஜூனில் முடிந்தது. அவர் வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன். மணி அடித்தது. எடுக்கவில்லை. போனவரா, இருப்பவரா, தெரியாது. அவரை எந்தப் பக்கம் எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஆறடிகூட இல்லாத ஒரு குழி. எந்த வரிசை என்று எனக்குத் தெரியும். போய்ப் பார்க்க முடியாது.

திரும்பி வந்த அன்று சென்னை விமான நிலையத்தில் எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர், போனது இரண்டு பேர், வந்தது இரண்டு பேர் என்று முத்திரை குத்தினார். நம் ஊர்த் தாள் எதைப் பார்த்தாலும் யாரும் குறையவில்லை.

ஒருத்தி குறைந்தாள்.