ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையின் வருகைப் பதிவு

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு எண்ணும் இதன் முதல் தாளில் உள்ளன. வயது எழுபத்தொன்று. நடுநிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றை ஒட்டிய தெருவில், கடைசிக்கு முந்தின வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். இன்று காலை கொடுத்த முதலாவதில் ஒரு பொய் இருந்தது. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்குள் ஆறு வந்தது. மழை நின்று இரண்டு நாளாகியிருந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆகவே அணையின் கதவுகளைச் சொல்லாமல் திறந்துவிட்டார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். மழையால் வந்த வெள்ளம், உயிர்ச்சேதம் இல்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு மாறாகப் பேசுவதும் எழுதுவதும் குற்றம் என்று அடுத்த வாரம் ஓர் ஆணை வந்தது.

அதன் பிறகு தெருக்காரர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். என்னைச் சேர்க்காமல் பதினொரு பேர். முதல் ஞாயிறு பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அப்போது தபால்காரர், "சார், அட்டெண்டன்ஸ் எடுங்க. அப்பதான் இந்தச் சந்தைக்கடை அடங்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய் நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்து கோடு போட்டேன். வந்தவருக்குச் சரி, வராதவருக்குப் பெருக்கல், கடைசிக் கட்டத்தில் வராத காரணம். எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு யார் பெயரையும் எழுதவில்லை. ஒன்று தபால்காரர், இரண்டு தையல்காரர், ஏழு நர்ஸ் என்று தொழிலை மட்டும் எழுதினேன். தெருவில் இருப்பது ஒரே ஒரு நர்ஸ்தானே என்று இந்த இடத்தில் காவல் ஆய்வாளர் கேட்டார். ஆம்.

என் மனைவி அன்று சமையலறையிலிருந்து வந்து, "பேச வந்தவங்களை எதுக்குங்க எழுதி வைக்கிறீங்க?" என்று கேட்டாள். வருகை எடுக்காத வகுப்பு மூன்றாம் வாரத்தில் எப்படிக் காலியாகும் என்பதற்கு நான் ஓர் உதாரணம் சொன்னேன். உதாரணங்கள் வேண்டாம் என்று ஆய்வாளர் சொல்வதால் அதை இங்கே விடுகிறேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாவது ஞாயிறு, நகரத்தில் ஒட்டுவதற்காக நாற்பது தாள்களைக் கையால் எழுதினோம். அணையின் கதவுகளைச் சொல்லாமல் திறந்தீர்கள், ஆஸ்பத்திரியின் கீழ்த்தள வார்டில் நான்கு பேர் கட்டிலோடு மூழ்கினார்கள், யாரும் சாகவில்லை என்கிறீர்கள் என்பதே அதில் இருந்த வாசகம். நான்கு மணிக்கு வருகை எடுத்தபோது இரண்டு பேர் இல்லை. தையல்காரர் தன் தாயாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தார். நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் வேலை நேரம். இருவருக்கும் பெருக்கல் போட்டேன்.

நான்கரை மணிக்கு நர்ஸ் வந்தார். வேலை உடுப்பை மாற்றாமல், ஒரு வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டேன் சார். பெருக்கல் போடாதீங்க" என்றார். தாமதமாக வந்த பிள்ளைகள் வகுப்பு வாசலில் நின்று கேட்கும் அதே குரல். நான் பெருக்கலை அடித்துச் சரி போட்டேன். அடித்துத் திருத்தினால் ஓரத்தில் சுருக்கொப்பம் இடவேண்டும் என்பது பள்ளிப் பதிவேட்டு விதி. அதையும் இட்டேன். நான்கு பேர் என்ற வரியை எழுதியது நான். அதைச் சொன்னது யார் என்று ஆய்வாளர் மூன்று முறை கேட்டார். எழுதியது நான் என்று மூன்று முறையும் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை தாள்கள் ஒட்டப்பட்டன. புதன்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் இரண்டு காவலர்களுடன் வீட்டுக்கு வந்தார். ஞாயிறுதோறும் எங்கள் வாசலில் நிறையச் செருப்பு கிடப்பதாகத் தகவல் என்றார். வந்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, இந்த வயதில் ஞாபகம் நிற்பதில்லை என்றேன். நோட்டு மேசைமேல், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை ஒளித்துவைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மேலதிகாரி வந்தால் பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்தே பழகியவன். அவர் நின்றபடியே அதைப் புரட்டிவிட்டு, "ஒரு மாச வேலையை எங்களுக்கு மிச்சம் பண்ணிட்டீங்க சார்" என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு, ஐந்தாவது ஞாயிறு சரி போடப்பட்டிருந்த பத்துப் பேரையும் அன்று மாலைக்குள் அழைத்துப் போனார்கள். என்னை வயதைக் கருதிச் சாட்சியாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பெருக்கல் போட்டிருந்த தையல்காரரை விட்டுவிட்டார்கள். அவர்தான் காட்டிக்கொடுத்தார் என்று இப்போது தெருவில் பேச்சு. அவர் கடைக்கு யாரும் துணி கொண்டுபோவதில்லை. காட்டிக்கொடுத்தது அவர் அல்ல, என் நோட்டு என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை காலை என்னை இங்கே வரச் சொன்னார்கள். ஏழாம் எண்ணில் உள்ள திருத்தம் பொய், நர்ஸ் அன்று வரவே இல்லை, பிரியத்தால் வந்ததாகப் போட்டுவிட்டேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை முறை இப்படிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஆய்வாளர் கேட்டார். இதுதான் முதல் முறை என்றேன். ஓரிடம் பொய்யென்றால் நோட்டு முழுவதையுமே தள்ளிவிட வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு அவர், "ஒரு கணக்கு தப்பாப் போச்சுன்னா பரீட்சைப் பேப்பரையே கிழிச்சுப் போடுவீங்களா சார்?" என்று கேட்டார்.

அதன் பிறகு அவர் ஒரு கோப்பைத் திறந்து, நர்ஸ் நேற்றுக் கொடுத்த வாக்குமூலத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார். நோட்டில் இருப்பது சரி, வராதவரை வந்ததாக சார் எழுதமாட்டார் என்று அதில் இருந்தது. என் பெயருக்குக் கெடுதல் வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் என நினைக்கிறேன். இரண்டு வாக்குமூலமும் ஒத்துப்போகவில்லை, நான் சொன்னதே நிற்கட்டும் என்றால் பொய்ச்சாட்சி சொன்னதாக நர்ஸ்மேல் இன்னொரு வழக்கு வரும் என்று ஆய்வாளர் விளக்கினார். நான் தண்ணீர் கேட்டேன். குடித்த பிறகு, காலையில் கொடுத்ததை ரத்து செய்யச் சொன்னேன்.

ஆகவே உண்மை இது. நர்ஸ் வந்தார். உட்காரவில்லை. பேனாவைத் தொடவில்லை. அவருடைய ஒரு கால் கடைசிவரை வாசற்படிக்கு வெளியில்தான் இருந்தது. இதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றார்கள். நான் கேட்டேன் என்பதாவது எழுதப்படட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பத்துப் பேரையும் இந்த நிலையத்தின் நடையில் சுவரோரமாக நிறுத்தி, ஆய்வாளர் நோட்டை என் கையில் கொடுத்து, வரிசை எண்ணைக் கூப்பிட்டு அடையாளம் காட்டச் சொன்னார். ஒன்று என்றேன். தபால்காரர், "உள்ளேன் ஐயா" என்றார். சிரிக்கவில்லை. மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். யாரும் ஆய்வாளரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். ஆறுக்குப் பிறகு என்னால் கூப்பிட முடியவில்லை. நர்ஸ் புதன்கிழமை போட்டிருந்த அதே உடுப்பில் இருந்தார். குழந்தை வீட்டில் இருக்கிறது. உடுப்பின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. ஆய்வாளர் காத்திருந்தார். கடைசியில் நர்ஸே, "வந்துட்டேன் சார்" என்றார். நான் சரி போட்டேன். அதன் பிறகு எட்டு முதல் பதினொன்று வரை கூப்பிட்டு முடித்தேன்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்கு நிதானமாகப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் வற்புறுத்தவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. இரண்டின் ஓரத்திலும் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)