இடப்பக்கத்துக் கதிரை

— என்ரை மூக்கைத்தான் பார்க்கவேணும், ஒஸ்வால்ட். தலையைத் திருப்பாதை.

— உன்ரை மூக்கிலை என்ன அழகு கிடக்கு, யோகநாதன்? போன ஞாயிறு பொம்பிளை பார்க்கவெண்டு கொட்டாஞ்சேனைக்குக் கூப்பிட்டாய். அவையள் பொம்பிளையைக் காட்டவே இல்லை. இண்டைக்கு நீ மூக்கைக் காட்டுறாய்.

— எமல்டா உனக்குப் பக்கத்திலைதான் இருந்தவள். நீ திரும்பியும் பார்க்கேல்லை, பெருமைக்காரன் எண்டு சம்பந்தமே வேண்டாமெண்டுட்டாள்.

— தாயும் மாமியும் இருந்தவை. எனக்கென்ன கண் குருடோ, மச்சான்?

— தட்டிலை என்ன வைச்சவை?

— கேக்.

— பற்றீஸ்?

— என்ன பற்றீஸ்?

— பாதித் தட்டு பற்றீஸ். இறைச்சி வைச்சு மடிச்சு அவளே பொரிச்சது. நீ தொடேல்லையெண்டு அதுக்கு வேறை கோவம். சரி, இடக் கண்ணைப் பொத்து. எத்தினை விரல்?

— ரெண்டு. மற்றக் கையை ஏன் ஒளிக்கிறாய்?

— ஒளிக்கேல்லை, ரெண்டு கையும் நீட்டித்தான் இருக்கு. இப்ப வலக் கண்ணைப் பொத்து.

— அதே ரெண்டு. அதே கையைத்தான் திரும்பவும் ஒளிக்கிறாய்.

— ரெண்டு கண்ணுக்கும் ஒரே இடப்பக்கம்தான் தெரியேல்லை. அப்ப பிழை கண்ணிலை இல்லை, நான் சரியா விளங்கியிருந்தா. போன மாசம் ட்ராம் வண்டியாலை விழுந்தியே, எங்கை அடி?

— பிடரிக்கு மேலை, வலப்பக்கம். கண் முன்னுக்கெல்லோ இருக்கு, மச்சான்?

— கண் வாசல்தான். பார்க்கிறது பின்மூளை. டொக்டர் படம் கீறிக் காட்டினவர்.

— யப்பான்காரன் குண்டு போட்டா கட்டுப்போடப் படிப்பிக்கிற அந்தப் பின்னேர வகுப்பிலையோ?

— ஓம். வலப்பக்க மூளை இடப்பக்கத்தைப் பார்க்கும். இல்லை, பொறு... ஓம், அப்பிடித்தான். நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போவம். நான் சொல்லுறது பிழையாவும் இருக்கலாம்.

— அரைவாசி இல்லையெண்டா அந்தப் பக்கம் கறுப்பாத் தெரியாதோ?

— உன்ரை முதுகுக்குப் பின்னாலை இப்ப என்ன நிறம் தெரியுது?

— ஒண்டும் தெரியேல்லை.

— அதேதான்.

— உதெல்லாம் சாட்டு, மச்சான். பெட்டையை ஒளிச்சுப்போட்டினம். பல்லு மிதப்பாக்கும்.

— மூக்கைப் பார். உனக்கு இடப்பக்கத்துக் கதிரையிலை ஆர்?

— அங்கை கதிரையே இல்லையே.

— பல்லெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு.

— யேசுவே, ஆரது?

— எமல்டா. பற்றீஸ் பொரிச்சவள். இப்ப தலையைத் திருப்பலாம்.

— நீங்கள்... எப்ப வந்தனீங்கள்?

— இவர் வரச்சொன்னவர். நீங்கள் மூக்கின்ரை அழகு கதைக்கேக்கையே வந்திட்டன். யோகண்ணை, கோயிலிலை தாலி கட்டேக்கை பொம்பிளை மாப்பிளைக்கு இடப்பக்கம்தானே நிக்கிறது?

— ஓம் தங்கச்சி, அப்பிடித்தான் நினைக்கிறன்.

— அப்ப சுவாமியாரிட்டை இப்பவே சொல்லி வையுங்கோ. நான் வலப்பக்கம் நிக்கிறன்.