விடாமல் கத்தினால் சூடு

— அந்தச் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல அண்ணி. என்னது அது?

— மோட்டார்தான் குணா. அஞ்சு நிமிஷமா கத்துது. முக்கி முக்கி நகருது, ஓட மாட்டேங்குது. உங்கண்ணன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சிட்டாரு. சம்பான் படகுல நாங்க ரெண்டு பேருதான் இருக்கோம்.

— அண்ணனா? மூச்சு இருக்கா?

— இருக்கு. வேர்த்துக் கொட்டுது, பேச்சு இல்ல. 999 அடிச்சிட்டேன். அவங்க படகு வர முக்கால் மணி ஆகுமாம். ஆம்புலன்ஸ் ஜெட்டிக்கு முன்னாடியே வந்துரும், நீங்க கரைக்கு வரப் பாருங்கன்னு சொல்றாங்க. நான் எப்படி வர்றது? அவரு பண்ணதப் பாத்து கியரப் போட்டு முறுக்கினேன், உடனே கத்த ஆரம்பிச்சிருச்சு. இந்த மோட்டார் பத்தித் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான் தம்பி.

— எங்க இருக்கீங்க?

— கெலாங் பாத்தா ஜெட்டியிலேர்ந்து ரொம்ப வெளிய வந்துட்டோம். செகண்ட் லிங்க் பாலம் தெரியுது. தண்ணி வத்துது, எங்கள இன்னும் வெளிய இழுக்குது.

— அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம்தான் நான் நிக்கிறேன், சிங்கப்பூர் கரையில, துவாஸ்ல, வேலையில. நீங்க தண்ணியக் கண்டாலே பத்தடி தள்ளி நிப்பீங்களே. நீங்க ஏன் சம்பான்ல ஏறினீங்க?

— அத அப்புறம் சொல்றேன். முதல்ல இதுக்கு வழி சொல்லு.

— சரி, கேளுங்க. விட்டு விட்டுக் கத்துதா, விடாம கத்துதா?

— விடாம.

— விட்டு விட்டுன்னா எண்ணெய் இல்லன்னு அர்த்தம். விடாம கத்தினா சூடு. மோட்டாருக்குப் பின்னால சின்ன ஓட்டை ஒண்ணு இருக்கும். அதுலேர்ந்து தண்ணி பீச்சுதா பாருங்க.

— சொட்டு கூட இல்ல. ஆவிதான் வருது.

— அப்ப ஓஃப் பண்ணுங்க.

— ஓஃப் பண்ணிட்டு மறுபடி எடுக்கலன்னா என்ன பண்றது? நடுக்கடல்ல இவர வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

— அண்ணி, ஓஃப் பண்ணலன்னா இனிமே எடுக்கவே எடுக்காது. உள்ள எல்லாம் ஒட்டிக்கும். சாவியத் திருப்புங்க.

— திருப்பிட்டேன். சத்தம் நின்னதும் இன்னும் பயமா இருக்கு குணா. அவரு இழுக்குற மூச்சு கேக்குது.

— சட்டை பட்டனக் கழட்டி விடுங்க. தலைக்குக் கீழ ஏதாவது வைங்க. வச்சிட்டு, போன ஸ்பீக்கர்ல போட்டு மோட்டார்கிட்ட வாங்க.

— வச்சிட்டேன். வந்துட்டேன்.

— பக்கத்துல ஒரு கம்பி இருக்கும். அத மேல தள்ளிட்டு, மோட்டார் தலையப் புடிச்சு உங்க பக்கம் இழுங்க. அடிப்பாகம் தண்ணிய விட்டு மேல வரணும்.

— ரொம்ப கனம். முடியல தம்பி.

— காலப் பலகையில ஊனிக்குங்க, மெதுவா. பெலான் பெலான். அலமாக், கவுத்துடாதீங்க, நடுவுல நின்னு இழுங்க.

— வந்துருச்சு. டக்குன்னு மாட்டிக்கிச்சு.

— நல்லது. கீழ விசிறிக்கு மேல, ரெண்டு பக்கமும், மீனு செவுள் மாதிரி கோடு கோடா இருக்கும். மோட்டார் அது வழியாத்தான் தண்ணி குடிக்கும். பிளாஸ்டிக் பை ஏதாவது அடைச்சிருக்கா?

— பை இல்ல. துணி.

— துணியா? எந்தத் துணி?

— ஏதோ துணி. நார் வேற சுத்தியிருக்கு.

— வல நாரா?

— இல்ல. பூ கட்டுற நார்.

— மீன் வெட்டுற கத்தி பெட்டியில இருக்கும், எடுங்க. அறுத்து இழுங்க. ஒரு இழை கூட உள்ள நிக்கக் கூடாது.

— அறுக்குறேன். கை வழுக்குது. குணா, அவரு உதடெல்லாம் ஒரு மாதிரி நீலமாகுது.

— அங்க பாக்காதீங்க, கத்தியப் பாருங்க. போன தடவ இதே அலாரம் கத்தினப்ப, வயர அறுத்துப் போடுறேன்னு நின்னாரு. சத்தத்துக்கு மீனெல்லாம் ஓடுதாம். நான்தான் கையப் புடிச்சேன். அதுதான் நான் கடைசியா அந்த சம்பான்ல ஏறினது.

— நல்ல வேள புடிச்ச. பேசிக்கிட்டே இருடா. நீ பேசினாத்தான் எனக்குக் கை ஓடுது.

— அம்மா எப்படி இருக்காங்க? நீங்க ரெண்டு பேரும் அங்க இருந்தா அவங்களுக்கு வீட்டுல யாரு துணை?

— நீ மோட்டாரச் சொல்லு தம்பி.

— கேக்கக் கூடவா கூடாது? அம்மாவ விட்டுட்டு சிங்கப்பூருக்கு ஓடுறியா, இனி வாசப்படி மிதிக்காதன்னாரு. மூணு வருஷமா மிதிக்கல. அவரு மேல இருந்த கோவத்துல நம்பரக் கூட மாத்தினேன். புது நம்பர் உங்ககிட்ட மட்டும்தான் குடுத்தேன். அம்மாவுக்கு ஒண்ணுன்னா நீங்க கூப்பிடுவீங்கன்னு.

— வந்துருச்சு. எல்லாத்தையும் எடுத்துட்டேன். கோடெல்லாம் சுத்தமா தெரியுது.

— என்ன கலரு?

— எது?

— அந்தத் துணி.

— வெள்ள. மஞ்சத் தண்ணியில நனைச்சது.

— பூ?

— செவ்வந்தி.

— அண்ணி. வெள்ளத் துணியில கட்டி, செவ்வந்தி மாலை போட்டு, கடலுக்கு எதக் கொண்டு போவாங்கன்னு எனக்குத் தெரியும். யாரு?

— மோட்டார் எடுக்கட்டும் குணா, கரைக்குப் போய்...

— யாரு அண்ணி?

— அம்மா. முந்தாநாள் விடிகாலையில. தூக்கத்துலயே போயிட்டாங்க. நேத்து எரிச்சாச்சு... குணா. தம்பி, வச்சிட்டியா? வச்சிடாதடா, உன் கால்ல விழறேன். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அவரு தலை மேல என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. சின்னவனுக்கு லீவு கிடைக்கலன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. இன்னைக்கு யாரையாவது கூட்டிட்டு வந்தா மறுபடி அதே கேள்வி கேப்பாங்கன்னு என்ன மட்டும் ஏத்திக்கிட்டாரு. நான் சொல்லியிருக்கணும். ராத்திரியெல்லாம் போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன், அடிக்கல. தப்பு பண்ணிட்டேன்.

— அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்குக் கடைசி மகன். அப்பாவுக்கு அவரு கொள்ளி வச்சப்ப நான் ஓரமா நின்னேன். அம்மாவுக்கு நான் வைக்கணும். அதையுமா அவரு வச்சாரு?

— வச்சாரு.

— ஒரு வாட்டி முகத்தப் பாக்க விடலயே. பத்து கட்டை, பத்தே மைல் தூரத்துல இருந்திருக்கேன் அண்ணி. பாலத்தத் தாண்டினா வீடு.

— திட்டுடா. என்ன எவ்வளவு வேணும்னாலும் திட்டு, அவரையும் திட்டு, ஆனா கரைக்குப் போனப்புறம் திட்டு. இங்க இவரு மூச்சு விட்டு விட்டு வருது. என்னால ஒரே வாரத்துல ரெண்டு பேரத் தூக்க முடியாது.

— மோட்டாரக் கீழ இறக்குங்க.

— இறக்கிட்டேன்.

— கியர் நடுவுல இருக்கா? சாவியத் திருப்புங்க.

— எடுக்கல.

— மறுபடி.

— எடுத்துருச்சு. ஐயோ, கத்துது குணா, அதே மாதிரி விடாம கத்துது.

— கத்தட்டும். ஓட்டையப் பாருங்க. தண்ணி வருதா?

— வரல. இன்னும் வரல. இரு, வருது. நூலு மாதிரி வருது. இப்ப நல்லா பீச்சுது.

— உள்ள சூடு இன்னும் ஆறல, அதான் கத்துது. ஆறினா அதுவா நின்னுரும். கியரப் போடுங்க. அரைவாசிக்கு மேல முறுக்காதீங்க. ஜெட்டி கூரை தெரியுதா?

— சிவப்பா தெரியுது.

— கண்ண அதுலயே வச்சி ஓட்டுங்க. பெலான் பெலான்.

— சத்தம் நின்னுருச்சு. போறோம் குணா. அவரு கண்ணத் தொறந்து என்னப் பாக்குறாரு. நீ வந்துருவியா? ஜெட்டிக்கு வருவியாடா?

— எதுக்கு வரணும்? அவருக்கு ஆம்புலன்ஸ் இருக்கு. அம்மாவுக்குக் கொள்ளியும் வச்சாச்சு, கரைச்சும் ஆச்சு. எனக்கு இனி அங்க என்ன வேலை இருக்கு?

— துணிய அவுத்தாரு, மாலையோட தண்ணியில விட்டாரு, அஸ்திக் கலயத்தத் தூக்கினாரு, அப்பத்தான் நெஞ்சப் புடிச்சாரு. இன்னும் கரைக்கல குணா, அம்மா என் மடியிலதான் இருக்காங்க.