கணப்புப் பெட்டிமேல் ஒரு செருப்பு

என் சம்சாரம் ஹில்ட்யாவ உயிரோட கடைசியாப் பார்த்தது இதோ இந்த நாற்காலியிலதான் தம்பி. ஒரு பக்கக் கன்னம் ரொட்டி மாவு மாதிரி உப்பிக்கிடக்கு, கால் ரெண்டும் பாவாடைக்கு வெளிய, ஒண்ணு குளிருக்குக் கால் காயற கணப்புப் பெட்டிமேல. இல்ல, எழுந்திரிக்காதீங்க, நீங்க பாட்டுக்கு வர்ணத்தக் குழைச்சுக்கிட்டே கேளுங்க.

என் பொண்ணு பௌக்யா உங்ககிட்ட சொல்லிட்டுப் போனது என் காதுலயும் விழுந்துச்சு. அம்மா படத்துல கீழ அந்தத் தணல் பெட்டியும் பழஞ்செருப்பும் பாக்க நல்லால்ல, அழிச்சுட்டுக் கம்பளம் வரைஞ்சிடுங்கன்னு. அவளுக்கு வர்ற வாரம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்துல படத்த மாட்டணுமாம். பத்திரம் எழுதற குடும்பம் இல்லையா, அங்க கால் காயறதுகூடப் பாவாடைக்குள்ள மறைச்சுத்தான்.

அழிங்க. வேணாங்கல. முதல்ல கேட்டுட்டு அழிங்க.

இத வரைஞ்சது ஓப்கான்னு ஒருத்தன். குளிர்காலம் வந்தா வர்ணப் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வருவான். முதல்ல என்னை வரைஞ்சான், நாற்காலிக்குப் பின்னால, ஹில்ட்யா தோள்ல கை வைக்கிற மாதிரி நின்னுக்கிட்டு. அப்புறம் பௌக்யாவ. அவளுக்கு அப்ப ஒண்ணரை வயசு. அம்மா மடியில உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஆனா அம்மாவ இன்னும் வரையல. அதனால ஒரு வாரமா குழந்தை அந்தரத்துல உட்கார்ந்திருந்தா.

ஹில்ட்யாவோட முறை வந்த அன்னிக்குப் பல் வீங்கிப்போச்சு. இந்தக் கன்னத்தோட நூறு வருஷம் சுவத்துல தொங்க மாட்டேன், இன்னிக்குக் கால வரைஞ்சுக்கோன்னுட்டா. கால்தானேன்னு வீட்டுச் செருப்பு. கோயிலுக்குப் போடறத எதுக்கு வீணாக்கணும்? குதிங்கால் தேஞ்சது. நான் தொழிலுக்குத் தார் வாங்க ஆம்ஸ்டர்டாமுக்குப் படகேறணும். போய்ட்டு வாங்க, நீங்க வர்றதுக்குள்ள அழகாயிடறேன்னா.

ஆறு நாள் கழிச்சு வந்தா ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. ஆமா, பல்லுதான். பல்லுல சாவாங்களான்னு நானும் கேட்டேன்.

ஓப்கா அடுப்படியில பட்டாணிக் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தான். ஏம்ப்பா இன்னும் போகலியான்னேன். குழந்தைய அந்தரத்துல விட்டுட்டு எப்படிங்க போறதுன்னான்.

அதுக்கப்புறந்தான் கூத்து. அவ முகத்தச் சொல்ல சொந்தக்காரங்க வந்தாங்க. தங்கச்சி டெட்யா, அக்கா மூக்கு அப்படியே என் மூக்குன்னு உட்கார்ந்துட்டா. அவங்கண்ணன் ரின்ஸ், ரொட்டி சுடறவன், வாய் எங்க வாய்ன்னு மூணு நாள் வாய மூடிக்கிட்டு உட்கார்ந்தான். ஊருக்கே நிம்மதி. முகவாய்க்கு ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டாங்க. ஓப்கா பார்த்தான், கண்ணாடிய எடுத்து வச்சுத் தன் முகவாயையே வரைஞ்சுட்டான். நடுவுல குழி தெரியுதா? அது அவனோடது.

உடம்புக்கு யாரு? டெட்யாவுக்கு ஏழு மாசம், அக்கா பட்டுச் சட்டை ஏறல. நான் ஒல்லி. போட்டுக்கிட்டேன். முதுகுல மூடாது, கயிறு போட்டுக் கட்டினான். சிரிங்க, பரவால்ல. துக்கம் கேக்கப் பாதிரியார் வந்தாரு. நான் பட்டுச் சட்டையோட, வாயில புகையிலைச் சுங்கான். அசையக் கூடாதுன்னு ஓப்கா சொல்லியிருக்கான். அவர் எதிர்ல உட்கார்ந்து, கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்னு முழுசும் சொன்னாரு. கண்ணு என் கழுத்துக்குக் கீழ இறங்கவே இல்ல. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, விரல உள்ள மடக்கிக்கோங்க, நகத்துல தார் தெரியுதுன்னாரு.

அதான் பாருங்க. படத்துல நான் என் தோள்மேலயே கை வச்சுக்கிட்டு நிக்கிறேன்.

பௌக்யாவுக்குத் தெரியாது. ஊர்ல ஒருத்தரும் சொல்லல. அம்மாவுக்கு எவ்ளோ பெரிய கை, எனக்கும் அதே கைன்னு எல்லார்கிட்டயும் காட்டுவா. காட்டட்டும்.

என்னது, அதையெல்லாம் சேர்த்துச் சரி பண்ணிடலாமா? தாராளமா. மூக்க மாத்துங்க. ரின்ஸ் செத்து நாலு வருஷமாச்சு, வாய் கேக்க வரமாட்டான். அந்தக் குழிய மூடுங்க. என்னையே அழிச்சாலும் சரி. கம்பளத்த அந்தப் பக்கம் ஜன்னல் வரைக்கும் விரிங்க. கையை மட்டும் விட்டுடுங்க, பொண்ணு ஏமாந்துபோவா.

செருப்பா? அதையும் அழிக்க வேணாம் தம்பி. நிஜச் செருப்ப வேலைக்காரி போட்டுத் தேச்சுட்டா. பட்டுச் சட்டைய வெட்டித்தான் பௌக்யாவுக்குக் கல்யாண உடுப்பு தெச்சிருக்கு. இந்தப் படத்துல, உள்ள ஹில்ட்யா கால் இருக்கும்போது வரைஞ்சது அது ஒண்ணுதான்.