துப்பாக்கிக்கு முகம் கேட்ட காவலருக்கு

மஸ்கெலியா, காட்டுமலைத் தோட்டத்தின் துப்பாக்கிக் காவலராய்க் காடும் மேடும் கால் தேய நடந்து, இன்றோடு பணி ஓய்வு பெறும் எங்கள் அண்ணன் திரு. சோலைமலை அவர்களுக்கு, தோட்டத் தொழிலாளரும் காவல் பகுதியினரும் வணங்கி அளிக்கும் மடல்.

பெருமதிப்புக்குரியீர்,

மழையிலும் மாறாத மனத்தவரே, பனியிலும் பின்வாங்காத பாதத்தவரே என்று அடுக்கி எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். இரண்டும் உண்மை என்பதால் எழுதிவிட்டேன். ஆனால் மழையில் நனைந்ததற்காக இத்தோட்டம் உங்களை வணங்கவில்லை. மழையில் நனையாதவர் இங்கே யார்?

பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கும் மீனம்மாவாகிய என்னிடம் இந்த மடலை ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு. என் கணவர் வீரய்யா இறந்ததைச் சொல்லாமல் உங்களைப் பாராட்ட முடியாது.

ஐம்பத்தாறாம் ஆண்டு மாசியில் தோட்டத்தின் உதவி மேலாளரான அப்போதைய சின்னத்துரையின் பங்களாவுக்கு ஒரு விருந்தாளி வந்தார். பன்றி வேட்டைக்குப் போக ஆசைப்பட்டார். உங்கள் துப்பாக்கியையும் அதன் அனுமதிப் பத்திரத்தையும் அவரிடம் கொடுக்கும்படி சின்னத்துரை உத்தரவிட்டார். கொடுத்தீர்கள். பாலத்தடியில் ஓர் அதிகாரி மறித்தபோது விருந்தாளி பத்திரத்தை நீட்டினார். சோலைமலை என்று எழுதியிருந்தது. துப்பாக்கியின் இலக்கமும் சரியாக இருந்தது. தொப்பியும் சப்பாத்தும் தரித்த அந்தச் சோலைமலைக்கு வழி விடப்பட்டது.

காட்டோரத்தில் மானாப்புல் அசைந்தது. விருந்தாளி சுட்டார். புல்லுக்குள் குனிந்து விறகு கட்டிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

சுட்டவர் துப்பாக்கியைப் பங்களாவில் போட்டுவிட்டுக் காரேறிப் போனார். பொலிசார் பத்திரத்தைப் படித்தார்கள். அதிலிருந்த பெயரைத் தேடி வந்து உங்களைப் பிடித்தார்கள்.

விசாரணையில் உங்களை என் முன்னால் நிறுத்தி, "இவன்தானே?" என்று கேட்டார்கள். வேட்டை நடந்த அன்று பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கடந்து, துப்பாக்கியோடு போன முகத்தை நான் பார்த்திருந்தேன். "இவுங்க இல்லீங்க. இவுங்கள எனக்குத் தெரியும். போனவரு செவத்த ஆளு, தொப்பி போட்டிருந்தாரு" என்றேன். நான் பீலிக்குப் போகாதிருந்தால் உங்கள் தலையெழுத்து என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு. உங்களை விட்டார்கள். விருந்தாளி பிறகு வந்து வாக்குமூலம் கொடுத்தார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். என் கணவரை உயிரோடிருந்தபோது யாரும் படம் எடுத்ததில்லை. அவருடைய ஒரே படம் அந்த விசாரணைக்காக எடுத்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை.

விடுதலையான நீங்கள் நேரே லயத்து வீட்டுக்கு வரவில்லை. ஹட்டனில் படம் பிடிக்கும் கடைக்குப் போனீர்கள். உங்கள் முகத்தைப் படம் எடுத்து, அதைத் தகரச் சட்டத்தில் அடைத்துத் துப்பாக்கி வாரோடு சேர்த்து நெஞ்சில் மாட்டினீர்கள். உங்கள் மனைவி பேச்சியம்மா அழுதார். "செத்தவுங்களுக்குத்தான் படத்த மாட்டுவாங்க. உசிரோட இருக்கிற மனுசனுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்றார். கொழுந்து மலையில் காளியாயி அக்காவின் வாய் சும்மா இருக்குமா? "என்னண்ணே, போட்டோவத் தூக்கிக்கிட்டுப் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டீங்களா?"

"பொண்ணு பாக்குற வயசா ஆத்தா இது? நல்லாப் பாத்துக்க. இந்தத் துப்பாக்கிக்கு இந்த மூஞ்சிதான். வேற மூஞ்சி இதத் தூக்கிக்கிட்டு வந்தா, கூடையப் போட்டுட்டுக் கத்து."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அதன்பின் துப்பாக்கியோடு தோட்டத்துக்குள் நுழைந்த ஒவ்வொருவரிடமும் நீங்கள் படம் கேட்கத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. சின்னத்துரை ஒரு ஜீப் நிறைய நண்பர்களோடு வந்தார். தோட்டத்து வழியை மறித்துக் கட்டிய சங்கிலியை நீங்கள் அவிழ்க்கவில்லை. நாங்கள் மேட்டில் நின்று கேட்டோம்.

"லைசன் இருக்கிறது, பார்" என்றார் துரை.

"பாத்தேங்க. அது தாளுங்க. ஆளு யாருங்க?"

"இவரை எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்குத் தெரியும் தொரை. மீனம்மாவுக்குத் தெரியாதே."

ஜீப் திரும்பிப் போனது. மறுநாள் உங்கள் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு உங்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாங்கள் மனுக் கொடுத்தோம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று கேட்டோம். எங்கள் பேச்சு எடுபடவில்லை. பன்றிகளின் பேச்சு எடுபட்டது. காவல் இல்லாத காட்டிலிருந்து இறங்கி வந்து பங்களாத் தோட்டத்துக் கிழங்குப் பாத்திகளை அவை உழுதுபோட்டதும் உங்களைத் திரும்ப அழைத்தார்கள். தகரச் சட்டத்தோடு வந்தீர்கள். அதைக் கழற்று என்று அதன்பின் யாரும் சொல்லவில்லை.

படம் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று உங்களைக் கேட்டார்கள். எங்களையும் கேட்கிறார்கள். சட்டத்தில் இல்லை என்றால் எழுதட்டும். கடல் தாண்டி இந்தியாவுக்குப் போய்த் தாயின் முகம் பார்த்து வர எங்களிடம் படம் ஒட்டிய கடதாசி கேட்கிறார்களே, நாங்கள் யாரைச் சுட்டோம்? தேயிலைச் செடி வெட்டக் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவனுக்கு முகம் வேண்டுமாம், துப்பாக்கி பிடிக்கிறவருக்குப் பெயர் போதுமாம். கனவான்களை எல்லோருக்கும் தெரியும், அவர்களிடம் படம் கேட்பது அவமதிப்பு என்கிறார்கள். எல்லோருக்கும் என்றால் யாருக்கு? புல்லுக்குள் குனிந்திருப்பவனுக்கு வெடிச்சத்தம் மட்டுமே தெரியும். படம் இருந்திருந்தால் அந்த அதிகாரி பாலத்தடியிலேயே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார். இன்று இந்தக் கூட்டத்தில் என் கணவரும் உட்கார்ந்திருப்பார். இதற்கு மேல் வாதம் எனக்குத் தெரியாது. இதற்கு மேல் தேவையும் இல்லை.

ஐயா, நல்லவர் என்று உங்களை ஊர் சொல்லும். நாணயமானவர் என்று அலுவலகமும் சொல்லும். நாங்கள் சொல்வது வேறு. கையில் ஆயுதத்தைக் கொடுத்தவர்களுக்கு அஞ்சாமல், ஆயுதம் இல்லாத எங்களிடம் நீங்கள் முதலில் முகத்தைக் காட்டினீர்கள். மற்றவர்களிடம் கேட்குமுன் உங்களிடமே கேட்டுக்கொண்டீர்கள். துப்பாக்கிக்காரரைக் கண்டால் பிள்ளைகள் ஓடி ஒளியும் மலைநாட்டில், எங்கள் பிள்ளைக்காம்பராக் குழந்தைகள் அந்தத் தகரச் சட்டத்தைத் தொட்டுப் பார்க்க உங்களிடம் ஓடி வந்தன.

நாளை உங்கள் பணி சிவசாமித் தம்பிக்குப் போகிறது. படம் மாட்டும் வழக்கம் உங்களோடு முடிய வேண்டும் என்றும், இந்த மடலில் அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றும் அலுவலகத்திலிருந்து நேற்றுச் சொல்லியனுப்பினார்கள். எழுதிவிட்டோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் துரைமார் கேட்க வாசித்தும் ஆயிற்று. சென்ற ஞாயிற்றுக்கிழமை சிவசாமி ஹட்டனுக்குப் போய்ப் படம் எடுத்து வந்துவிட்டார். இதோ, மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நாளைக் காலைப் பெரட்டில் அதைக் கழற்றச் சொன்னால், மலையேற ஒரு கூடையும் எழும்பாது.

அண்ணன் அவர்களே, நோயும் நொடியும் அணுகாமல் அண்ணியோடும் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் நிறைவாக வாழ்வீராக. நடந்த களைப்புத் தீரத் தூங்குங்கள். சங்கிலி அவிழும் சத்தம் கேட்டால் எழுந்து வர வேண்டாம். வருகிறவரின் முகத்தை இனி நாங்கள் கேட்கிறோம்.

இங்ஙனம்,
காட்டுமலைத் தோட்டத் தொழிலாளரும் காவல் பகுதியினரும்

எழுதியவர்: வீரய்யா மனைவி மீனம்மா
மஸ்கெலியா, 1963