பதினோரு நாள் பூஜ்யம்

இந்தப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியை ஆனந்தவள்ளி அம்மையார் அவர்களே! எனக்கு முன்னால் முழங்கி அமர்ந்திருக்கும் கழகத் தலைவர், கொடுப்பதிலும் முந்தி, கோபத்திலும் முந்தி நிற்கும் பேச்சிமுத்து அண்ணாச்சி அவர்களே! திருவேங்கடத்து வெயிலில் பஸ் ஏறி, தென்காசிச் சாரலில் இறங்கிய பெரியோர்களே! ஈரத் தலையைத் துவட்டவும் நேரமின்றிப் பிள்ளைக்காக ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் அடங்கி இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கும் ஒன்பதாம் வகுப்புச் சிங்கங்களே! இந்த ஜெயபிரியா டீச்சரின் வணக்கம்.

இந்த ஆண்டு நம் ஆண்கள் பள்ளியில் புதிதாக ஒரு வகுப்பு பிறந்தது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். பெயர், 'பார்த்து எழுதும் வகுப்பு'. புத்தகம் இல்லை; பரீட்சை இல்லை. பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், அளந்ததை எழுத வேண்டும், எழுதியதை ஏன் என்று கேட்க வேண்டும். அந்த வகுப்பை மூடிவிட்டு, அந்த நேரத்தில் போலீஸ் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் மேசையில் இருக்கிறது. நாற்பது தகப்பன்மார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிவதற்குள் என் வகுப்பு இருக்குமா, போகுமா என்று தெரிந்துவிடும்.

அண்ணாச்சி சற்றுமுன் அந்த வகுப்பின் மழை நோட்டைத் தூக்கிக் காட்டினார். பதினோரு நாள் சாரல். குற்றாலத்தில் குளிக்கக் கூட்டம் தாங்கவில்லை. நம் வீட்டுக் கொடியில் பனியன் காயவில்லை. நோட்டில் மட்டும் பதினோரு நாளும் பூஜ்யம்! 'ஊரே நனையுது, இவங்க நோட்டு மட்டும் காயுது' என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். சிரியுங்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பெய்த மழை எங்கே போயிற்று? மழை அளக்க முற்றத்தில் வைத்த கருவி, அந்த மழைமானி, ஓட்டையா? பையன்கள் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. வாட்ச்மேன் எடுத்து முகம் கழுவினாரா? அவரையும் விசாரித்தார்கள். பாவம், அவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

இப்போது நான் சொல்லப்போவது எனக்கு வெட்கமான விஷயம். அந்த நோட்டை எழுதியவன் மாரிராஜ். மூன்றாம் வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாரே, நம் ஏட்டையா சுடலைக்கண்ணு, அவருடைய மகன். தீர்மானத்தில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். பதினோராவது நாள் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். பூஜ்யங்களைக் கண்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. பேப்பரில் வந்த மழை அளவைப் பார்த்து நிரப்பிவிடு என்று அவனிடம் சொன்னேன். ஆமாம் தலைமையாசிரியை அம்மா, நான்தான் சொன்னேன். இருபது வருஷம் பாடம் நடத்திய நான் சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"அளவுக் கண்ணாடியில தண்ணி இல்ல டீச்சர். இல்லாதத எப்படி எழுத?"

எனக்கு வந்த கோபத்தில் அவனை வெளியே போய் நில் என்றேன். போனான். வெளியே சாரல் சாய்ந்து சாய்ந்து அடிக்கிறது. சட்டை நனையாமல் இருக்க, மழைமானிக்குப் பக்கத்தில் இருக்கும் பலகை மறைவில் ஒதுங்கி நின்றிருக்கிறான். பத்து நிமிஷம் கழித்து வாசலில் வந்து நின்றான். "டீச்சர், நான் நனையல" என்றான். அதனால் என்ன என்று கேட்டேன். "நான் நனையலன்னா, பக்கத்துல இருக்க மழைமானி மட்டும் எப்படி நனையும்?"

அது என்ன பலகை? அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மழைமானி உங்கள் உபயம். உபயம் என்றால் பெயர் வேண்டாமா? உங்கள் பெயர், தகப்பனார் பெயர், தாத்தா பெயர், கடையின் பெயர், கடையின் இரண்டாவது கிளை! கருவி முழங்கால் உயரம். பலகை ஆள் உயரம். கிழக்கு வாசலில் நுழைகிறவர்கள் படிக்க வசதியாகக் கருவிக்கு மேற்கே நட்டோம். நம் ஊர்ச் சாரல் எங்கிருந்து வருகிறது? மேற்கு மலையிலிருந்து! அன்று சாயங்காலம் மாரிராஜ் தன் டிபன் பாக்ஸைப் பலகைக்கு அந்தப் பக்கம் வைத்தான். காலையில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் ஆறு மில்லிமீட்டர். இந்தப் பக்கம் பூஜ்யம்.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே! அந்தப் பலகைக்கு மாலை போட்டபோது கைதட்டியவர்கள் நாம் எல்லாரும்தான். மேற்கு எது என்று பாடம் நடத்துகிற நானும் தட்டினேன். என்ன அண்ணாச்சி? போர்டை இன்றைக்கே எடுத்துவிடுகிறீர்களா? பெரிய மனசு. ஆனால் எடுக்க வேண்டாம், கிழக்கே மாற்றி நடுவோம். ஐப்பசியில் மழை கிழக்கிலிருந்து வருமே, அப்போது எங்கே நடுவது என்று கேட்கிறீர்களா? அடடா, இப்போதுதான் நீங்களும் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள்! அதைப் பையன்கள் அளந்து சொல்வார்கள். அளப்பதற்கு வகுப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏட்டையா, உங்கள் மகன் ஓடட்டும். காலை ஆறு மணிக்கு மைதானத்தைத் திறந்துவிட நானே வருகிறேன். காக்கி போடட்டும், கண் நிறையப் பாருங்கள். அப்புறம் ஒருநாள் அவன் கையில் ஒரு நோட்டு இருக்கும். எதிரே ஏழை ஒருவன் கைகட்டி நிற்பான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நின்று, நான் சொன்னதுபோலவே, 'இப்படி எழுதிக்கோ' என்பார். அன்றைக்கு அவன் எதை எழுத வேண்டும்? சொன்னதையா? பார்த்ததையா? பார்த்ததை எழுதுகிற போலீஸ்காரனை எந்த மைதானத்தில் ஓடவிட்டு உருவாக்குவீர்கள்?

ஏட்டையா எழுந்து நிற்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள். வேண்டாமா? சரி, அவர் என்ன கேட்டார் என்று பின்வரிசைக்கு நான் சொல்கிறேன். பதினோரு நாளும் யார் சொல்லியும் மாற்றாமல் இவனேதான் எழுதினானா என்று கேட்கிறார். ஆமாம் ஏட்டையா, டீச்சர் சொல்லியும் மாற்றவில்லை.

கேட்டதா எல்லாருக்கும்? "அப்ப அந்தத் தாள்ல என் கையெழுத்த அடிச்சிருங்க டீச்சர்" என்கிறார்.

இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகம். பொறுமையாய்க் கேட்ட பெரியோருக்கும், பெயரைவிட மழை பெரிது என்று ஒப்புக்கொண்ட அண்ணாச்சிக்கும், எனக்குப் பாடம் நடத்திய மாரிராஜுக்கும் நன்றி. அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட், எல்லாரும் நோட்டோடு வாங்கலே! வணக்கம்.